கெர்னலைச் சோதிக்கும் டெஸ்டிலேயே பக் இருந்தால்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் எந்தப் புது வெளியீட்டை எடுத்து அதன் மாற்றப் பட்டியலைப் புரட்டினாலும் "செல்ஃப்டெஸ்ட்ஸ்" என்று தொடங்கும் வரிகள் நிறையக் கண்ணில் படும். கெர்னலைச் சோதிக்க அதோடேயே வரும் டெஸ்டுகளைப் பற்றிய வரிகள் இவை. இந்த டெஸ்ட் சில மெஷின்களில் காரணமில்லாமல் தோற்கிறது, சரிசெய்தோம். அந்த டெஸ்ட் என்ன நடந்தாலும் பாஸ் ஆகிறது, சரிசெய்தோம் என்கிற மாதிரி. பார்ப்பவருக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் வரும். டெஸ்ட் கோட் யாருடைய போனுக்கும் போகப் போவதில்லை, எந்த சர்வரிலும் வேலை செய்யப் போவதில்லை. ஓடப் போவது கெர்னல்தான். அப்புறம் எதற்கு சோதனைக் கோட்டுக்கு இத்தனை மெனக்கெடல்?

காரணம், கெர்னலுக்குள் ஒரு மாற்றத்தைச் சேர்க்கலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் இடத்தில் எல்லாரும் நம்புவது டெஸ்ட் சொல்லும் பதிலைத்தான். அந்தப் பதில் தவறாக இருந்தால் நல்ல மாற்றம் வெளியே நிற்கும், கெட்ட மாற்றம் உள்ளே போகும். அதோடு, டெஸ்டில் உள்ள பிழையைச் சரிசெய்வது கெர்னல் பிழையைச் சரிசெய்வதைவிட ஒரு விதத்தில் ஆபத்தான வேலை. சிவப்பைப் பச்சையாக்குவது, அதாவது ஃபெயிலைப் பாஸ் ஆக்குவது, மிக எளிது. அப்படி ஆக்கும்போது டெஸ்டின் கண்ணையே குத்திவிட்டோமா என்பது வெளியே தெரியாது.

## கெர்னலைச் சோதிப்பது ஏன் தனி ரகம்

ஒரு நிரல் கோப்பைத் திறக்க வேண்டும், மெமரி வாங்க வேண்டும், நெட்வொர்க்கில் எதையாவது அனுப்ப வேண்டும் என்றால் அது ஹார்டுவேரை நேராகத் தொட முடியாது, கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் வழிக்கு சிஸ்டம் கால் என்று பெயர். சாதாரண நிரலில் பிழை வந்தால் அந்த நிரல் மட்டும் விழும். கெர்னலில் வந்தால் மெஷினே விழும், அல்லது அதைவிட மோசமாக, விழாமல் ஓடிக்கொண்டே டேட்டாவைக் கெடுக்கும்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இப்போது 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒரு வெளியீடு என்ற கணக்கில் போகிறது. முதல் 2 வாரம் புது மாற்றங்களை உள்ளே எடுப்பார்கள், அதற்கப்புறம் வாரம் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை) பதிப்பாகப் பிழைகளை மட்டும் சரிசெய்து வருவார்கள். ஒரு சுற்றில் 10,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. இதை மனிதர்கள் மட்டும் படித்துப் பார்த்துச் சமாளிக்க வாய்ப்பே இல்லை, தானாக ஓடும் டெஸ்டுகள் வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். சோதிக்கப்படும் பொருளும் சோதனையை ஓட்டும் பொருளும் ஒன்றுதான். கெர்னல் உறைந்து போனால் "உறைந்து போனது" என்று சொல்வதற்குக்கூட ஆள் இருக்காது. அதனால்தான் பெரும்பாலும் கியூஎமு போன்ற மெய்நிகர் மெஷினுக்குள் (மென்பொருளால் உருவாக்கிய மெஷின்) கெர்னலை ஓட்டி, வெளியிலிருந்து அதன் கன்சோலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டெஸ்டுகளில் பல வகை உண்டு.

1. கே-செல்ஃப்டெஸ்ட்: கெர்னல் மூலக் கோட்டுக்குள்ளேயே தனி டைரக்டரியில் இருப்பவை. பெரும்பாலும் சி மொழி நிரல்களும் ஷெல் ஸ்கிரிப்டுகளும் (கமாண்டுகளை வரிசையாக எழுதிய கோப்புகள்). வெளியிலிருந்து சிஸ்டம் கால்களை அழைத்துப் பதிலைச் சரிபார்க்கும்.
2. கேயூனிட்: கெர்னலுக்குள்ளேயே ஓடி, தனித்தனி ஃபங்ஷன்களைச் சோதிப்பது. 2020 ஜனவரியில் வந்த 5.5 பதிப்பில் சேர்ந்தது.
3. லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட்: கெர்னலுக்கு வெளியே, நெடுங்காலமாக வளர்ந்துவரும் பெரிய தொகுப்பு.
4. சிஸ்காலர்: கூகுளில் உருவானது. தாறுமாறான சிஸ்டம் கால்களை வரிசையாகப் போட்டு கெர்னலை விழவைக்கப் பார்க்கும்.

இவற்றை இரவும் பகலும் ஓட்டுவதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. இன்டெலின் ஸீரோ-டே பாட் ஒன்று. 2019இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்த கெர்னல்சிஐ இன்னொன்று. இந்தக் கட்டுரையில் பேசப் போவது முக்கியமாகக் கே-செல்ஃப்டெஸ்ட் வகையைப் பற்றி. சொல்லும் விஷயங்கள் மற்ற வகைகளுக்கும் அநேகமாகப் பொருந்தும்.

## டெஸ்ட் தன் பதிலை எப்படிச் சொல்கிறது

இது புரியாமல் மேலே போக முடியாது. கெர்னல் டெஸ்டுகள் கேடேப் என்ற வடிவத்தில் எழுத்தாகப் பதில் தருகின்றன. பெர்ல் மொழிக்காக 1987இல் தோன்றிய டேப் என்ற வடிவத்தின் கிளை இது. பார்க்க இப்படி இருக்கும்:

கேடேப் வெர்ஷன் 1
1..3
ஓகே 1 சிறிய கோப்பு
நாட் ஓகே 2 பெரிய கோப்பு
ஓகே 3 மறைகுறியாக்கிய கோப்பு # ஸ்கிப்

"1..3" என்ற வரிக்குப் பிளான் என்று பெயர். மொத்தம் 3 டெஸ்ட் ஓடப் போகிறது என்ற முன்னறிவிப்பு. 2 பதில் மட்டும் வந்து நின்றுபோனால், நடுவில் ஏதோ செத்துவிட்டது என்று இதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். அந்த டெஸ்ட் ஓடவே இல்லை, தேவையான வசதி அந்த மெஷினில் இல்லை என்று தாண்டிவிட்டது. ஆனாலும் வரி "ஓகே" என்றுதான் தொடங்குகிறது. வடிவத்தின் விதியே அப்படி. "ஓகே" வரிகளை மட்டும் எண்ணும் ஸ்கிரிப்டை யாராவது அவசரமாக எழுதினால், ஓடாத டெஸ்டெல்லாம் பாஸ் கணக்கில் ஏறிவிடும்.

எழுத்தோடு சேர்த்து, நிரல் முடியும்போது ஒரு எண்ணையும் விட்டுச் செல்லும். இதுதான் எக்ஸிட் கோட். கே-செல்ஃப்டெஸ்டில் 0 என்றால் பாஸ், 1 என்றால் ஃபெயில், 4 என்றால் ஸ்கிப். எழுத்து ஒன்றும் எண் வேறொன்றும் சொன்னால் குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது.

## பிழை இரண்டு திசையில் வரும்

ஒன்று, பொய் எச்சரிக்கை. கெர்னல் சரியாக இருக்கும், டெஸ்ட் ஃபெயில் என்று சொல்லும். இன்னொன்று, பொய் நிம்மதி. கெர்னல் உடைந்திருக்கும், டெஸ்ட் பாஸ் என்று சொல்லும்.

முதல் வகைக்குக் குறைந்தபட்சம் சத்தம் உண்டு. யாராவது எரிச்சலோடு வந்து பார்ப்பார்கள். இரண்டாவது வகை வருடக்கணக்கில் அமைதியாக இருக்கும், பச்சையாகவே இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் பயம். சரிசெய்ய உட்காரும்போது கவனிக்க வேண்டியதும் இதைத்தான்: பொய் எச்சரிக்கையை நிறுத்தப் போய்ப் பொய் நிம்மதியை உருவாக்கிவிடக் கூடாது.

## இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன

### மெஷினைப் பற்றிய தவறான நம்பிக்கை

கெர்னல் மெமரியைத் துண்டு துண்டாகத்தான் நிர்வகிக்கும். அந்தத் துண்டுக்குப் பேஜ் என்று பெயர். பெரும்பாலான டெஸ்க்டாப் மெஷின்களில் ஒரு பேஜ் 4096 பைட். எழுதியவரின் மெஷினில் அப்படித்தான் இருக்கும், அவரும் 4096 என்று நேராக எண்ணைப் போட்டுவிடுவார்.

இப்போது ஒரு டெஸ்டை எடுத்துக்கொள்வோம். எம்மேப் என்ற சிஸ்டம் கால் மூலம் 8192 பைட், அதாவது 2 பேஜ் வாங்குகிறது. தொடக்கத்திலிருந்து 4096 பைட் தள்ளி இருக்கும் இரண்டாவது பேஜை மட்டும் எம்ப்ரொடெக்ட் மூலம் "எழுத முடியாது" என்று பூட்டுகிறது. பிறகு அங்கே எழுதப் பார்த்து, தடுக்கப்படுகிறதா என்று சோதிக்கிறது. எழுதியவர் மெஷினில் நூறு தரம் ஓட்டினாலும் பாஸ்.

இதையே 64 கேபி பேஜ் வைத்துக் கட்டிய ஏஆர்எம் 64-பிட் கெர்னலிலோ பவர்பிசி சர்வரிலோ ஓட்டுங்கள். எம்ப்ரொடெக்ட் கேட்கும் முகவரி ஒரு பேஜின் தொடக்கமாக இருந்தாக வேண்டும். 4096 தள்ளிய முகவரி இங்கே ஒரே பேஜின் நடுவில் விழுகிறது. கெர்னல் "தவறான ஆர்குமென்ட்" என்று பிழை எண் தருகிறது, டெஸ்ட் ஃபெயில் என்கிறது. கெர்னல் செய்தது முற்றிலும் சரி. ஓடும் நேரத்தில் கெர்னலிடமே பேஜ் அளவைக் கேட்டு வாங்கி, 4096 இருந்த எல்லா இடத்திலும் அதைப் போட்டால் தீர்ந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் மெமரி டெஸ்டுகளில் இது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது.

### நேரத்தை நம்புவது

இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். ஏனென்றால் நல்ல அனுபவசாலிகளும் இதில் அரைகுறையாகத் திருத்திவிட்டுப் போகிறார்கள்.

டெஸ்ட் செய்ய நினைப்பது இது: ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பைப்பிலிருந்து (ப்ராசஸ்களுக்கு இடையே டேட்டா போகும் குழாய்) படிக்கக் காத்திருக்கிறது, அதற்கு சிக்னல் (கெர்னல் வழியே வரும் அறிவிப்பு) வந்தால் காத்திருப்பு கலைந்து "இடையில் குறுக்கிடப்பட்டது" என்ற பிழை எண்ணோடு ரீட் என்ற படிக்கும் சிஸ்டம் கால் திரும்ப வேண்டும். எழுதும் முறை: தாய் ப்ராசஸ் ஒரு பிள்ளையைப் பெறுகிறது, பிள்ளை ரீட் அழைக்கிறது, தாய் 1 நொடி தூங்கிவிட்டு சிக்னல் அனுப்புகிறது.

1 நொடிக்குள் பிள்ளை ரீடுக்குள் போயிருக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. ஒரே மெஷினில் 50 டெஸ்ட் சேர்ந்து ஓடும்போது, அல்லது மெய்நிகர் மெஷினுக்கு சிபியு கிடைக்காமல் திணறும்போது, பிள்ளை இன்னும் ரீடை எட்டியிருக்காது. சிக்னல் முன்னாடியே வந்து, அதைக் கையாளும் ஹேண்ட்லர் ஓடி முடிந்துவிடும். அதற்கப்புறம் பிள்ளை சாவகாசமாக ரீடுக்குள் போய் உட்காரும். எழுப்ப இனி யாரும் இல்லை. டைம்அவுட், ஃபெயில்.

சரி, எப்படித் திருத்துவது?

1. 1 நொடியை 5 நொடியாக்கலாம். பிழை அரிதாகும், போகாது. டெஸ்ட் மட்டும் மெதுவாகும்.
2. பிள்ளை "நான் தயார்" என்று இன்னொரு பைப்பில் எழுத, தாய் அதைப் படித்த பிறகு சிக்னல் அனுப்பலாம். பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் "தயார்" என்று எழுதியதற்கும் ரீடுக்குள் போவதற்கும் நடுவில் இன்னும் ஒரு சந்து இருக்கிறது. சின்னச் சந்துதான், கெர்னல் அங்கேயும் பிள்ளையை நிறுத்தி வைத்துவிட முடியும்.
3. "தயார்" வந்த பிறகு, ப்ராசஸ்களின் நிலையைக் கெர்னல் காட்டும் ப்ராக் டைரக்டரியில் பிள்ளையின் நிலையைப் பார்த்து அது உண்மையாகவே தூக்கத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு சிக்னல் அனுப்பலாம். இது எவ்வளவோ மேல்.
4. பிள்ளை "கலைந்தேன்" என்று சொல்லும்வரை சிறு இடைவெளி விட்டு சிக்னலைத் திரும்பத் திரும்ப அனுப்பலாம். ஒன்று முன்னாடி போனாலும் அடுத்தது பிடிக்கும். சோதிக்க வேண்டியது "காத்திருக்கும்போது வந்த சிக்னல் கலைக்கிறதா" என்பதுதான், எத்தனையாவது சிக்னல் என்பது முக்கியமில்லை. நேரத்தின் மீதான நம்பிக்கை இதில் முழுசாக நீங்கிவிடுகிறது.

### எக்ஸிட் கோட் காணாமல் போவது

ஷெல் ஸ்கிரிப்டில் டெஸ்டை ஓட்டி, அதன் வெளியீட்டைப் பைப் போட்டு டீ கமாண்டுக்கு (வருவதைத் திரையிலும் கோப்பிலும் எழுதுவது) அனுப்பி லாகில் சேமிப்பது வழக்கம். அடுத்த வரியில் எக்ஸிட் கோடைப் பார்ப்பார்கள். அங்கே கிடைப்பது பைப்பில் கடைசியாக இருக்கும் டீயின் எக்ஸிட் கோட், டெஸ்டினுடையது அல்ல. லாகில் எழுத முடிந்தவரை டீ 0 என்றுதான் சொல்லும். டெஸ்ட் கதறினாலும் முடிவு பாஸ்.

பேஷ் ஷெல்லில் இதைத் தவிர்க்க ஒரு ஆப்ஷன் உண்டு. ஆனால் டெபியன், உபுண்டுவில் ஸ்கிரிப்டுகளுக்கான பொதுவான ஷெல் டேஷ். பேஷுக்கு மட்டுமே தெரிந்த எழுத்துமுறையை வைத்து எழுதிவிட்டு, முதல் வரியில் பொதுவான ஷெல்லைக் குறிப்பிட்டால், ஒரு இடத்தில் ஓடும், இன்னொரு இடத்தில் விழும்.

### மற்றவை, சுருக்கமாக

1. சிஸ்டம் காலின் பதிலைக் குறியில்லா எண்ணாக வாங்கிவிட்டு, அது 0-ஐ விடக் குறைவா என்று பார்ப்பது. குறியில்லா எண் எப்போதும் 0-ஐ விடக் குறையாது. அந்தச் சோதனை இருந்தும் இல்லாததுதான்.
2. ஒரு டெஸ்ட் கெர்னல் அமைப்பு ஒன்றை மாற்றிவிட்டு, நடுவில் தோற்று வெளியேறும்போது பழைய மதிப்பைத் திரும்ப வைக்காமல் போவது. அடுத்து ஓடும் அப்பாவி டெஸ்ட் தோற்கும், எல்லாரும் அதைப் போய்த் தோண்டுவார்கள்.
3. கெர்னல் கட்டும்போது அந்த வசதியைச் சேர்க்காத மெஷினில், அல்லது ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) அனுமதி இல்லாதபோது, ஸ்கிப் என்று சொல்லாமல் ஃபெயில் என்று சொல்வது.
4. பிழை எண்ணைச் சரிபார்க்கும் முன் ஒரு செய்தியை அச்சிடுவது. அச்சிடும் ஃபங்ஷன் அந்த எண்ணை மாற்றிவிட வாய்ப்புண்டு.

## சரிசெய்யும் வழி

### 1. திரும்ப நடக்கவைக்க வேண்டும்

ஒரே ஒரு ஃபெயில் லாகை வைத்துக்கொண்டு கோடைத் திருத்த ஆரம்பிப்பது வீண். அதே கெர்னல் கான்ஃபிக் (கட்டும்போது தேர்ந்த அமைப்புகள்), அதே ஆர்க்கிடெக்சர் (சிபியு வகை), முடிந்தால் அதே அளவு சிபியு நெருக்கடி வேண்டும். பக்கத்தில் எல்லாக் கோர்களையும் பிஸியாக வைக்கும் ஒரு நிரலை ஓட்டிவிட்டு டெஸ்டை லூப்பில் போட்டால் நேரம் சார்ந்த பிழைகள் பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

இங்கே கணக்கு அவசியம். 100 தடவைக்கு ஒரு தடவை தோற்கும் டெஸ்டைத் திருத்திவிட்டு, 100 தடவை ஓட்டிப் பார்த்து ஒன்றும் தோற்கவில்லை என்றால் சரியாகிவிட்டதா? திருத்தம் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும், 100 தடவையும் தப்பிக்க ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 95 சதவீத உறுதி வேண்டும் என்றால் சுமார் 300 தடவை தொடர்ந்து பாஸ் ஆக வேண்டும். ஆயிரத்துக்கு ஒன்று தோற்பது என்றால் சுமார் 3,000 தடவை.

### 2. குற்றவாளி யார்: கெர்னலா, டெஸ்டா?

டெஸ்ட் என்ன எதிர்பார்க்கிறது என்பதை டெஸ்டைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கெர்னல் என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கே தேடக் கூடாது, மேன் பக்கம் எனப்படும் கையேட்டிலும் கெர்னல் ஆவணங்களிலும் தேட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் ஆவணம்தான் முதல் சாட்சி. ஆவணத்தில் எதுவும் இல்லாவிட்டால், இதுவரை நிரல்கள் எந்த நடத்தையை நம்பி ஓடிக்கொண்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நிரல்கள் நம்பியிருப்பதை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸ் சமூகம் பிடிவாதமாக இருக்கிறது.

பழைய கெர்னலில் பாஸ், புதியதில் ஃபெயில் என்றால் கிட் என்ற கோட் வரலாற்றுக் கருவியின் பைசெக்ட் கமாண்ட் உதவும். நல்ல பதிப்பு எது, கெட்டது எது என்று சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுத்து, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும். 10,000 கமிட்டுக்கு (பதிவான மாற்றத்துக்கு) 14 படி போதும். இதில் இரண்டு குழிகள் உண்டு.

ஒன்று, கே-செல்ஃப்டெஸ்ட் கெர்னல் மரத்துக்குள்ளேயே (மூலக் கோட் தொகுப்புக்குள்) இருப்பதால், பைசெக்ட் பின்னோக்கிப் போகும்போது டெஸ்டும் சேர்ந்து பழைய பதிப்புக்கு மாறிவிடும். எதை மாற்றியதால் முடிவு மாறியது என்றே தெரியாமல் போகும். டெஸ்ட் நிரலை முதலிலேயே மரத்துக்கு வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, கெர்னலை மட்டும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். இரண்டாவது, எப்போதாவது தோற்கும் டெஸ்டை வைத்து பைசெக்ட் செய்தால், ஒரே ஒரு படியில் தற்செயலாகப் பாஸ் ஆனாலும் தேடல் தவறான பாதிக்குள் போய்விடும், அதற்கப்புறம் எத்தனை படி போனாலும் பயனில்லை. மேலே சொன்ன கணக்குப்படி ஒவ்வொரு படியிலும் போதுமான தடவை ஓட்டித்தான் "நல்லது" என்று சொல்ல வேண்டும்.

### 3. காரணத்தைக் கண்ணால் பார்ப்பது

எஸ்ட்ரேஸ் என்ற கருவி டெஸ்ட் எந்தெந்த சிஸ்டம் காலை எந்த ஆர்குமென்டோடு அழைத்தது, என்ன பதில் வந்தது என்று வரி வரியாகக் காட்டும். 4096 கதையில் எம்ப்ரொடெக்ட் வரியைப் பார்த்த உடனே விஷயம் புரிந்துவிடும். நேரம் சார்ந்த பிழைகளில் மட்டும் ஜாக்கிரதை, எஸ்ட்ரேஸ் போட்டாலே எல்லாம் மெதுவாகி, தேடிவந்த பிழை மறைந்துவிடலாம். அப்படியானால் அதுவே ஒரு துப்பு.

### 4. சின்னதாகத் திருத்துவது

காரணத்தை மட்டும் தொட வேண்டும். போகிற போக்கில் இன்டென்ட் சரிசெய்வது, பெயர் மாற்றுவது எல்லாம் தனிப் பேட்ச் (அனுப்பும் திருத்தத் துண்டு).

### 5. வேண்டுமென்றே கெர்னலை உடைத்துப் பார்ப்பது

பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்திய டெஸ்ட் பச்சையானது என்பது பாதிச் செய்திதான். மீதிப் பாதி, கெர்னல் உண்மையாகவே உடைந்தால் அது இன்னும் சிவப்பாகிறதா என்பது. மெய்நிகர் மெஷினில் ஓட்டும் கெர்னலில், டெஸ்ட் காவல் காக்கும் அந்த ஃபங்ஷனுக்குப் போய், சரிபார்க்கும் வரியை எடுத்துவிடுங்கள், அல்லது எப்போதும் 0 திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். மறுபடி கட்டி, டெஸ்டை ஓட்டுங்கள். தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால் நீங்கள் டெஸ்டைச் சரிசெய்யவில்லை, வாயை அடைத்திருக்கிறீர்கள்.

### 6. மற்ற மெஷின்களிலும் ஓட்டுவது

32-பிட், பெரிய பேஜ், ரூட் இல்லாத பயனர், வசதி அணைக்கப்பட்ட கான்ஃபிக், பழைய ஸ்டேபிள் கெர்னல் (வெளியான பின் திருத்தங்கள் மட்டும் பெறும் பதிப்பு). கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் புதிய மரத்தின் டெஸ்டுகளைப் பழைய கெர்னலில் ஓட்டும் வழக்கம் உண்டு. அங்கே இல்லாத வசதிக்கு டெஸ்ட் நாகரிகமாக ஸ்கிப் சொல்ல வேண்டும்.

## பேட்ச் அனுப்பும்போது

செய்தியில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன தோற்றது, ஏன் தோற்றது, ஏன் இந்தத் திருத்தம் சரி. 300 தடவை ஓட்டியதையும் கெர்னலை உடைத்துப் பார்த்ததையும் எழுதிவிட்டால், படிக்கும் மெயின்டெய்னருக்கு (அந்தப் பகுதியைப் பராமரிப்பவர்) பாதி வேலை மிச்சம்.

பிழையை உள்ளே கொண்டுவந்த கமிட் தெரிந்தால் "ஃபிக்ஸஸ்" வரியில் அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளோடு தலைப்பையும் போடுவது வழக்கம். ஸ்டேபிள் கெர்னல்களைப் பராமரிப்பவர்கள் எதை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்க இது பெரிய உதவி. "சைன்ட்-ஆஃப்-பை" வரி கட்டாயம். இந்தக் கோடைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது, 2004இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை மரத்திலேயே இருக்கும் ஒரு ஸ்கிரிப்ட் சொல்லிவிடும்.

## டைம்அவுட்டைக் கூட்டலாமா?

கே-செல்ஃப்டெஸ்டில் எந்த டெஸ்டுக்கும் இயல்பாக 45 நொடி அவகாசம். வேண்டுமென்றால் அந்தந்த டைரக்டரியில் மாற்றிக்கொள்ளலாம். இதைக் கூட்டுவது சில நேரம் நியாயமானது. மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசன் போன்ற டீபக் வசதிகளோடு கட்டிய கெர்னல் மெதுவாகத்தான் ஓடும். வேறு ஆர்க்கிடெக்சரை மென்பொருளில் போலி செய்து ஓட்டும்போது இன்னும் மெதுவாகும். டெஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கிறது, முடிக்க நேரம் போதவில்லை என்று அளந்து காட்ட முடிந்தால் கூட்டுங்கள்.

டெஸ்ட் எங்கேயோ எதற்காகவோ காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் கூட்டக் கூடாது. அதேபோல், பாஸ் ஆகும்வரை 3 தடவை ஓட்டு என்று போடுவதும், தோற்கும் சரிபார்ப்பை நீக்கிவிடுவதும், காரணம் எழுதாமல் ஸ்கிப் ஆக்குவதும் பிழையைச் சரிசெய்வது ஆகாது.

## கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்

ஒரு தொகுப்பில் 1,000 டெஸ்ட், ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு ஒரு தடவை மட்டும் காரணமில்லாமல் தோற்கும் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் தொகுப்பை முழுசாக ஓட்டும்போது எங்காவது ஒன்று சிவப்பாக 63 சதவீத வாய்ப்பு. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் சிவப்பு என்றால், சில வாரங்களிலேயே அந்தச் சிவப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். கெர்னலுக்கு மட்டும் வரும் நோய் அல்ல இது. கூகுள் 2016இல் தன் டெஸ்டுகளைப் பற்றி வெளியிட்ட கணக்கில், மொத்த ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படி நிலையில்லாத முடிவு தருவதாகச் சொன்னது.

கெர்னலில் இதற்கு மேலும் ஒரு ஆபத்து உண்டு. இரண்டு காரியம் ஒரே நேரத்தில் மோதும்போது மட்டும் வெளிப்படும் ரேஸ் வகைப் பிழை கெர்னலுக்குள்ளே இருந்தால், வெளியிலிருந்து பார்க்க அது டெஸ்டில் உள்ள நேரப் பிழை மாதிரியே தெரியும். எப்போதாவது தோற்கும், திரும்ப ஓட்டினால் பாஸ். டர்ட்டி கௌ என்ற பெயரில் 2016 அக்டோபரில் வெளிவந்த ஓட்டை அப்படிப்பட்ட ஒரு ரேஸ்தான். 2007இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்தே அது இருந்தது. சாதாரணப் பயனர், படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில் எழுதி, ரூட் அதிகாரம் பெற முடிந்தது. ஆகவே எப்போதாவது தோற்கும் டெஸ்டை "இது இப்படித்தான்" என்று ஒதுக்குவதற்கு முன், தோல்விக்கான காரணம் டெஸ்டுக்குள்தான் இருக்கிறது என்று காட்டியாக வேண்டும்.

நல்ல டெஸ்ட் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2012 ஜூன் 30 ஒரு உதாரணம். அன்று பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் ஒரு லீப் நொடி கூட்டப்பட்டது. அந்த மாற்றத்தை கெர்னலின் டைமர் பகுதி சரியாகத் தெரிந்துகொள்ளாததால், ஒரு நொடிக்கும் குறைவாகக் காத்திருக்கச் சொன்ன நிரல்கள் காத்திருக்காமல் உடனே திரும்பி, மறுபடி மறுபடி சுற்றின. பல சர்வர்களில் சிபியு உச்சிக்குப் போனது. லீப் நொடி சில ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் வரும், காத்திருந்து சோதிக்க முடியாது. இப்போது செல்ஃப்டெஸ்ட் தொகுப்பில், தினமும் ஒரு லீப் நொடி வரவைக்கும் டெஸ்டே இருக்கிறது. நள்ளிரவுக்கு 10 நொடி முன்னால் கடிகாரத்தைத் தள்ளி வைத்து, திரும்பத் திரும்ப அந்தக் கணத்தை ஓட்டிப் பார்க்கலாம்.

## குருட்டு டெஸ்டுக்குக் கண் வந்ததும் வரும் சிக்கல்

இத்தனை நாள் என்ன நடந்தாலும் பாஸ் சொன்ன ஒரு டெஸ்டைச் சரிசெய்துவிட்டீர்கள். ஓட்டினால் சிவப்பு. திருத்தம் தவறோ என்று முதலில் தோன்றும். எஸ்ட்ரேஸில் பார்த்தால் கெர்னல் நிஜமாகவே ஆவணத்துக்கு மாறாக நடந்துகொள்கிறது. அதாவது டெஸ்ட் குருடாக இருந்த காலத்தில் கெர்னலுக்குள் ஒரு பிழை வந்து குடியேறிவிட்டது.

இப்போது கையில் இரண்டு பேட்ச், அனுப்பும் வரிசை முக்கியம்.

1. கெர்னல் திருத்தத்தை முதல் பேட்சாகவும் டெஸ்ட் திருத்தத்தை இரண்டாவதாகவும் வைத்து ஒரே தொடராக அனுப்புங்கள். மாற்றி வைத்தால் நடுவில் ஒரு கமிட்டில் டெஸ்ட் தோற்கும், பின்னாளில் வேறு எதையோ தேடி பைசெக்ட் செய்பவர் அங்கே வந்து மாட்டிக்கொள்வார்.
2. இரண்டு பேட்சிலும் தனித்தனி ஃபிக்ஸஸ் வரி போடுங்கள். கெர்னல் பிழை ஒரு வருடத்துடையதாகவும் டெஸ்ட் பிழை ஐந்து வருடத்துடையதாகவும் இருக்கலாம், அவை போய்ச் சேர வேண்டிய ஸ்டேபிள் பதிப்புகளும் வேறாக இருக்கும்.
3. கெர்னல் திருத்தம் உங்கள் சக்திக்கு மீறியது என்றால், டெஸ்டை மறுபடி குருடாக்கிவிட்டுப் போகாதீர்கள். சிவப்பாகும் டெஸ்டையும் எஸ்ட்ரேஸ் வெளியீட்டையும் எத்தனை தடவைக்கு எத்தனை தடவை தோற்றது என்ற எண்ணையும் அந்தப் பகுதியின் மெயின்டெய்னருக்கு அனுப்புங்கள். தவறாமல் திரும்ப நடக்கவைக்க முடிகிற ஒரு டெஸ்ட் கையில் கிடைத்தால், அவர் அதே நாளில் வேலையைத் தொடங்க முடியும்.